கடைசியாக எழுப்பியது

ராத்திரி இரண்டேகால் இருக்கும்.
சுவர் முதலில் நீலமாகும்,
அப்புறம் கொசுவலை,
அப்புறம் மூடிய என் இமைக்குள் இருக்கிற இருட்டு.
மேசைமேல் கணினி விழித்து உட்கார்ந்திருக்கும்
கடவுச்சொல் கேட்டபடி.

பத்தரைக்கு நான்தான் தூங்க வைத்தேன்.
உள்ளே விசிறி அடங்கும் வரை நின்று,
கொலுசு கழற்றாத குறையாக
நுனிக்காலில் கட்டிலுக்கு வந்தேன்.

தவமணிக்கு மாட்டுத்தாவணியில் இரவுப் பணி.
கூடல்நகரின் இந்த இரண்டாம் மாடியில்
பூட்டிய கதவுக்குள்
நானும் அதுவும்தான்.
முதல் வாரம் பயந்தேன், சொல்வதற்கென்ன.

டவுன்ஹால் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
"மதுரைல வாங்குன மிஷின் அக்கா,
எப்படித் தூங்கும்?" என்றான் ஹமீது சுல்தான்.
இந்த ஊரில் இந்த ஜோக்கைச் சொல்லாத
மெக்கானிக் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.
முந்நூறு ரூபாய்க்குத் தூசி ஊதிக் கொடுத்தான்.

அன்றைக்கும் இரண்டேகால்.

நானே இறங்கினேன்.
அப்டேட்டுக்காகத் தானாய் எழும் நேரத்தை அணைத்தேன்.
நெட்வொர்க் கார்டு இதை எழுப்பலாம் என்றிருந்த கட்டத்தில்
டிக்கை எடுத்தேன்.
பிரிண்டர் வயரைப் பிடுங்கினேன்.
திண்டுக்கல் பக்கமிருந்து வரும் சரக்கு ரயில்
தரையை உலுக்குகிறதோ என்று
மேசைக்கால் நாலுக்கும் அடியில்
பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன்.
ரயில் போனது. மேசை அசையவில்லை.
போய் அரை மணி கழித்து,
அவசரமே இல்லாமல்,
சுவர் நீலமானது.

ஒரு விடிகாலையில் கறுப்புத் திரையைத் திறந்து
அதனிடமே கேட்டேன்:
கடைசியாக உன்னை எழுப்பியது யார்?
ஒரே வரி.
மவுஸ்.

மவுஸை யார் தொடுவது?
கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு
மறுநாள் தூங்காமல்
நாற்காலியில் போர்வையோடு காத்திருந்தேன்.

கணினி தூங்கினாலும்
மவுஸின் அடிவயிறு தூங்குவதில்லை.
விளிம்போரம் ஊதுபத்தி நுனி அளவுக்குச்
சிவப்பாக ஒரு கசிவு.
அதைத் தேடி வந்தது ஒரு பூச்சி, எள்ளளவு.
பூச்சியைத் தேடி வந்தது ஒரு பல்லி,
நாள்காட்டிக்குப் பின்னால் குடியிருப்பது,
வால் பாதி அறுந்தது.
தலையை விளிம்புக்கடியில் கொடுத்து
ஒரு முட்டு.
மவுஸ் ஒரு நெல் அகலம் நகர்ந்தது.
அவ்வளவுதான், அறை விடிந்துவிட்டது.
திரை வெளிச்சத்துக்கு இன்னும் பத்துப் பூச்சி.
பந்தி.

பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
நாள்காட்டியின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறது.
இது எதுவும் சொல்லவில்லை.
சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மவுஸுக்கும் டிக்கை எடுத்தால் தீர்ந்தது.
எடுத்தேன்.
காலையில் அசைத்து அசைத்துப் பார்க்கிறேன், கணினி எழவில்லை.
கீழமாசி வீதி மிளகாய் மண்டிக்காரர்
போனில் காரமாக நிற்கிறார்.
பவர் பட்டனை அழுத்தியிருக்கலாம்,
பதினோரு வருஷக் கைக்கு அது தோன்றவேயில்லை.
டிக்கைத் திரும்பப் போட்டேன்.

இப்போதெல்லாம் படுக்குமுன்
ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை மவுஸ்மேல் கவிழ்க்கிறேன்.
வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
இருட்டில் சில நாள் கிண்ணத்தின்மேல்
நகம் உரசுகிற சத்தம் கேட்கும்.
திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஆறு மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு தவமணி.
சாம்பார் ஊற்றக் கிண்ணம் தேடி
மேசையிலிருந்து தூக்குகிறார்.
சுவர் நீலமாகிறது.
கடவுச்சொல் கேட்கிறது. அதற்குப் பின்னால்
மிளகாய் மண்டியின் ஜிஎஸ்டி, பாதியில்.
கடைசித் தேதி இன்று.

"கழுவிட்டு ஊத்துங்க" என்கிறேன்.
"சுத்தமாத்தானே இருக்கு?"
"கழுவுங்க."

பல்லியைப் பற்றி
இன்னும் அவரிடம் சொல்லவில்லை.